நூல் பிடித்தாற்போல் ஒரு போர்க்கப்பல்!

கைவண்ணம்: வீட்டு மேஜையில் பிறக்கும் கலைகள் பற்றிய வாரத் தொடர்

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில், தண்ணீர் இல்லாத ஒரு பெரிய கல் தொட்டிக்குள் நிற்கிறது 'எச்.எம்.எஸ். விக்டரி'. 1805 அக்டோபர் 21-ம் தேதி டிரஃபால்கர் கடற்போரில் பிரெஞ்சு, ஸ்பானிஷ் படைகளை எதிர்த்து அட்மிரல் நெல்சன் நின்ற கப்பல். அவர் சுடப்பட்டு உயிர்விட்டதும் அதில்தான். 1922 முதல் அந்த உலர்துறையில் ஓய்வில் இருக்கிறது.

பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் மேலேதான் போகும். வானத்தைத் தொடும் மூன்று பாய்மரங்கள், அவற்றைச் சுற்றிச் சிலந்தி வலைபோலக் கயிறுகள். படங்களில் பார்த்த விக்டரி அதுதானே! ஆனால், பழுதுபார்க்கும் பணிக்காக 2011-ல் மேல் பாய்மரங்களையும் அவற்றின் கயிறுகளையும் இறக்கிவிட்டார்கள். 2021-ல் நடுப் பாய்மரத்தின் அடித்தண்டும் கழற்றப்பட்டது. முழுக் கயிறுகளோடும் அந்தக் கப்பலைப் பார்த்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

அப்படியானால், முழு அலங்காரத்தோடு விக்டரியை இன்று எங்கே பார்க்கலாம்? கண்ணாடிப் பெட்டிக்குள். அருங்காட்சியகங்களில் இருக்கும் மாடல்களிலும், உலகம் முழுக்க ஏதேதோ ஊர்களில், சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் யாரோ பொறுமையாகக் கட்டிக்கொண்டிருக்கும் மாடல்களிலும்!

மாடல் கப்பலின் உடலை ஒட்டி முடிப்பதைப் பெரிய வேலை என்று நினைப்போம். கட்டுபவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். உடல் முடிந்த பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பம். அதன் பெயர் 'ரிக்கிங்'. பாய்மரத்தையும் பாயையும் தாங்குகிற, இயக்குகிற மொத்தக் கயிற்றுக்கட்டுக்கும் அதுதான் பெயர். ஒரு மாடல் பொம்மையா, கப்பலா என்று தீர்மானிப்பதும் அதுதான்.

கயிறுதான் இன்ஜின்

பாய்மரக் கப்பலில் கயிறு அழகுக்காகக் கட்டியது அல்ல. இன்ஜின், கியர், பிரேக் எல்லாமே அதுதான். விக்டரியின் கயிறுகளை ஒன்றோடு ஒன்று முடிந்து நீட்டினால் 26 மைல் வரும். சுமார் 42 கிலோமீட்டர், ஒரு மாரத்தான் ஓட்டத்தின் தூரம்! அந்தக் கயிறுகள் ஓடுவதற்கு 768 மரக் கப்பிகள். பீரங்கிகளை இழுத்துக் கட்டுவதற்கு இன்னும் 628. கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்குக் கப்பியின் அருமை தெரியும். ஒரு கப்பி கையின் பாரத்தை எவ்வளவு குறைக்கும் என்று நினைத்துக்கொண்டால், இத்தனை கப்பிகள் எதற்கு என்பது புரிந்துவிடும்.

இந்த 42 கிலோமீட்டர் கயிறும் இரண்டே சாதிதான். ஒன்று, நிலைக் கயிறு. பாய்மரம் சாயாமல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பிடித்து நிற்பது. மழையிலும் வெயிலிலும் மாறாமல் அங்கேயே இருக்க வேண்டியது என்பதால் தார் பூசியிருப்பார்கள். அதனால் கறுப்பு, அல்லது கருமை கலந்த பழுப்பு. இன்னொன்று, ஓடும் கயிறு. பாயை ஏற்ற, இறக்க, திருப்ப மாலுமிகள் இழுத்துக்கொண்டே இருப்பது. கையிலும் கப்பியிலும் வழுக்கி ஓட வேண்டும் என்பதால், பார்வைக்கு வைக்கோல் நிறம்.

மாடல் கட்டுபவர் கற்கிற முதல் பாடம் இந்த நிற வித்தியாசம். எல்லாக் கயிற்றையும் ஒரே நிற நூலில் கட்டிவிட்டால், தூரத்தில் நின்று பார்க்கும் மாலுமி ஒருவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். எது தாங்குகிறது, எது ஓடுகிறது என்று தெரியாமல் கட்டியிருக்கிறார் என்று!

போரில் இந்தக் கயிறுகள்தான் குறி. எதிரிக் கப்பலின் பாய்மரத்தையும் கயிற்றையும் அறுத்துவிட்டால், அது நகர முடியாத மிதக்கும் கட்டடம். பிரெஞ்சுப் பீரங்கிப் படையினர் உயரமாகக் குறிவைத்துச் சுடுவதற்குப் பேர் போனவர்கள். டிரஃபால்கரில் விக்டரியின் பின் பாய்மரத்தின் மேல்பகுதி முறிந்து விழுந்தது. சுக்கான் சக்கரம் சிதறியது. கீழ்த்தளத்தில் சுக்கான் தண்டை மாலுமிகள் கையால் இழுத்துக் கப்பலைத் திருப்ப வேண்டியதாயிற்று. நெல்சனைத் தாக்கிய குண்டு வந்ததும் பாய்மர உயரத்திலிருந்துதான். 'ரெடூட்டபிள்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் பின் பாய்மர மேடையில் இருந்த ஒரு துப்பாக்கி வீரர் சுட்டது அது. கடைசியில், விக்டரியை இன்னொரு கப்பல் கட்டி இழுத்து ஜிப்ரால்டருக்குக் கொண்டுபோனது.

மேஜை மேல் இருக்கும் மாடலில் அந்தப் பாய்மர மேடையும், அதைத் தாங்கும் கயிறுகளும் சரியாக இருந்தால், அந்தப் பகல் எப்படி நடந்தது என்று ஒரு குழந்தைக்குக்கூட விரல் வைத்துக் காட்டலாம்.

சுற்றளவா, விட்டமா?

விக்டரியை 1:100 அளவில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதாவது, நிஜத்தில் 100 சென்டிமீட்டர் இருப்பது மாடலில் 1 சென்டிமீட்டர். (இந்த அளவில் விக்டரியின் புகழ்பெற்ற பிளாஸ்டிக் கிட் ஒன்று உண்டு. தயாரித்தது 'ஹெல்லர்' என்ற பிரெஞ்சு நிறுவனம். தோற்கடித்த கப்பலை, தோற்றவர்கள் நாட்டிலேயே பெட்டியில் போட்டு விற்கிறார்கள்!)

இப்போது கயிறுக்கு நூல் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கப்பல் புத்தகத்தைத் திறந்தால், நங்கூரக் கயிறு 24 அங்குலம் என்று இருக்கும். 24 அங்குலம் என்றால் 61 சென்டிமீட்டர். நூறால் வகுத்தால் 6 மில்லிமீட்டர். கடைக்குப் போய் 6 மில்லிமீட்டர் தடிமனில் கயிறு வாங்கிக் கட்டினால், நங்கூரத்தில் மலைப்பாம்பு சுற்றிய மாதிரி இருக்கும்!

எங்கே தப்பு? பிரிட்டிஷ் கடற்படை கயிற்றின் தடிமனை விட்டத்தால் அளக்கவில்லை, சுற்றளவால் அளந்தது. 24 அங்குலச் சுற்றளவு என்றால், விட்டம் ஏழரை அங்குலத்துக்குச் சற்று மேல். சுமார் 19 சென்டிமீட்டர். மாடலில் அது 2 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூடத்தில் படித்த பை கணக்கு இங்கே வந்து நிற்கிறது. பையால் வகுக்க மறந்தால், கப்பலின் எல்லாக் கயிறும் மூன்று மடங்கு தடித்துவிடும்.

அதே கப்பலில் 3 அங்குலச் சுற்றளவுள்ள ஒரு கயிறு, மாடலில் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஆக, ஒரே மாடலில் 2 மில்லிமீட்டர் தொடங்கி தையல் நூலைவிட மெலிந்தது வரை பல தடிமன்களில் நூல் வேண்டும். கிட் பெட்டிக்குள் பெரும்பாலும் இரண்டு, மூன்று தடிமன்தான் இருக்கும். அனுபவசாலிகள் அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, சொந்தமாகக் கயிறு திரிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆம், சொந்தமாகத்தான்! ஒரு பக்கம் மூன்று கொக்கிகள், மறுபக்கம் ஒரு கொக்கி, சுற்றுவதற்குக் கைப்பிடி அல்லது சின்ன மோட்டார். மூன்று நூல்களைத் தனித்தனியே முறுக்கி, பிறகு மூன்றையும் எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கினால், பிரிந்துவராத குட்டிக் கயிறு தயார். ராட்டையில் தேங்காய் நார் திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தத்துவம் ஒன்றுதான், அளவுதான் வேறு.

விக்டரி பிறந்த சாட்டம் கப்பல் தளத்தில், கயிறு திரிப்பதற்கென்றே 346 மீட்டர் நீளத்தில் ஒரு கூடம் இருக்கிறது. இன்றும் அங்கே பழைய முறையில் கயிறு திரிக்கிறார்கள். கடற்படைக் கயிற்றுக்குள் வேறு நிற இழை ஒன்றைச் சேர்த்து முறுக்குவது அந்தக் காலத்து வழக்கம். யாராவது திருடி வெளியே விற்றால், கயிற்றைப் பிரித்துப் பார்த்ததும் அரசாங்கச் சொத்து என்று தெரிந்துவிடும். திருட்டுக்கு வைத்த பொறி!

ஏணி உடுக்கை ஆகாமல்...

பாய்மரத்தின் இரு பக்கமும் கீழே அகலமாகத் தொடங்கி, மேலே குவியும் கயிற்று ஏணிகளைப் பார்த்திருப்பீர்கள். கடற்கொள்ளையர் படங்களில் கதாநாயகன் தாவி ஏறுவது அதில்தான். நெடுக்காக இருக்கும் தடித்த கயிறுகள் பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்குபவை. குறுக்கே இருக்கும் மெல்லிய கயிறுகள் கால் வைக்கும் படிகள்.

படிக்கும் படிக்கும் இடைவெளி 13 முதல் 15 அங்குலம். 1:100 மாடலில் மூன்றரை மில்லிமீட்டர் சுமார். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு நெடுங்கயிற்றையும் சந்திக்கும் இடத்தில் ஒரு முடிச்சு. ஓர் ஏணியில் 10 நெடுங்கயிறு, 30 படி என்று வைத்துக்கொண்டாலே 300 முடிச்சு. இரண்டு பக்கம், மூன்று பாய்மரம் என்று போட்டால் 1,800. மேல் அடுக்கு ஏணிகள் தனிக்கணக்கு.

முடிச்சின் எண்ணிக்கைகூடப் பயம் இல்லை. இழுவைதான் பயம். ஒவ்வொரு படியையும் கொஞ்சம் கூடுதலாக இழுத்துக் கட்டினால், பக்கத்து நெடுங்கயிறுகள் உள்பக்கம் வளையும். ஒரு படியில் தெரியாது. பத்துப் படியில் தெரியாது. முப்பதாவது படி முடிந்து தள்ளி நின்று பார்த்தால், ஏணி இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி நிற்கும். வேறு வழியில்லை. மூன்று வார வேலையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்குக் கைவசம் சில உத்திகள் இருக்கின்றன. வெள்ளைத் தாளில் சம இடைவெளியில் கோடு போட்டு, ஏணிக்குப் பின்னால் வைத்துக்கொள்வது. அந்தக் கோடுகளின் மேலேயே படிகளைக் கட்டினால் நூல் பிடித்தாற்போல் நேராக வரும். இரண்டாவது, கீழிருந்து வரிசையாகக் கட்டாமல், முதலில் ஐந்து படிக்கு ஒன்று என்று கட்டி, வடிவம் நிலைத்த பிறகு இடைவெளிகளை நிரப்புவது. மூன்றாவது, நடு முடிச்சுகளை இழுத்து முடியாமல், நூல் தானாக உட்காரும் அளவுக்கு விட்டு, ஒரு சொட்டு நீர்த்த பசை வைப்பது.

நெடுங்கயிறுகளின் அடியில் மூன்று துளைகள் உள்ள வட்டமான மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். 'டெட் ஐ' என்று பெயர். அந்தத் துளைகள் வழியே கயிற்றை மாற்றி மாற்றிக் கோத்து இழுத்தால், நெடுங்கயிறு விறைக்கும். மாடலில் மேல் கட்டைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று ஏறி, ஒன்று இறங்கி இருந்தால், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்ட மாதிரி கண்ணை உறுத்தும். கம்பியை வளைத்து ஒரே நீளத்தில் சின்னக் கொக்கி செய்து, மேல் கட்டைக்கும் கீழ்க் கட்டைக்கும் நடுவில் மாட்டிவிட்டு அளவு பிடிக்கிறார்கள். கட்டிய பிறகு கொக்கியைக் கழற்றிவிடலாம்.

நூலுக்குக் கனம் இல்லையே!

இதுவரை சொன்னது கணக்கும் பொறுமையும். இனி வருவது இயற்பியல்.

நிஜக் கப்பலில், தளர்வாக விட்ட கயிறு தன் கனத்தால் அழகாகத் தொய்ந்து தொங்கும். சுருட்டிப் போட்ட கயிறு தளத்தில் படுத்துக் கிடக்கும். மாடலில் நூலைச் சுருட்டி வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் மாதிரி எழுந்து நிற்கும்! ஏன்?

நீளம் நூறில் ஒரு பங்கு ஆகும்போது, எடை நூறில் ஒரு பங்கு ஆவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறு மடங்கு சுருங்குவதால், எடை 10 லட்சத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. நூலின் விறைப்பு அந்த வேகத்தில் குறைவதில்லை. கனம் தோற்கிறது, விறைப்பு ஜெயிக்கிறது. கப்பலைச் சின்னதாக்கலாம், பூமியின் ஈர்ப்பைச் சின்னதாக்க முடியாது.

அதனால் தொய்வைக்கூட 'செய்ய' வேண்டியிருக்கிறது. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை நூலில் தடவி, நடுவில் சின்ன கிளிப்பைத் தொங்கவிட்டு, காயும்வரை காத்திருக்கிறார்கள். தளத்தில் கிடக்கும் கயிற்றுச் சுருள்களை மாடலில் நேரடியாகச் சுற்றுவதில்லை. ஊசிகள் குத்திய ஓர் அட்டையில் நூலைச் சுற்றி, பசையில் நனைத்து, காய்ந்ததும் எடுத்து உரிய இடத்தில் மாட்டுகிறார்கள். பார்ப்பவருக்கு, யாரோ ஒரு மாலுமி இப்போதுதான் சுருட்டி வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

பசையிலும் எச்சரிக்கை வேண்டும். நொடியில் ஒட்டும் சூப்பர் க்ளூ ஆசை காட்டும். ஆனால், அது நூலைக் குச்சிபோல ஆக்கிவிடும், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும். பருத்தி நூலில் பஞ்சு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். நம் கண்ணுக்கு அது தூசி. 1:100 உலகத்தில் அது கயிற்றில் முளைத்த ஓரடிப் புல்! தேன்மெழுகுக் கட்டியில் நூலை இரண்டு முறை இழுத்தால் இழைகள் படிந்துவிடும்.

ஈரப்பதம் இன்னொரு வில்லன். பருத்தி, சணல் போன்ற இயற்கை இழைகள் ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப இறுகும், தளரும். மழைக்காலத்தில் இழுத்துக் கட்டியது கோடையில் தொங்கலாம். கோடையில் இழுத்துக் கட்டியது மழைக்காலத்தில் மெல்லிய பாய்மரத்தை வளைத்துவிடலாம். பாலியெஸ்டர் நூல் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. அதனால் இன்று பலர் பாலியெஸ்டரில் கயிறு திரிக்கிறார்கள்.

வண்ணம் மாறிய கதை

கயிறு கட்டி முடித்தால் போதுமா? இறுதி மெருகு இருக்கிறதே! அதில் விக்டரி எல்லோரையும் ஒரு முறை திகைக்க வைத்தது.

விக்டரி என்றால் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்த கப்பல். நீண்ட காலமாகப் போர்ட்ஸ்மவுத்தில் அது ஆரஞ்சு கலந்த பளிச்சென்ற மஞ்சளில்தான் இருந்தது. மாடல் கட்டியவர்களும் அதையே அடித்தார்கள். பிறகு கப்பலின் மரத்திலிருந்து பெயின்ட் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அடுக்கடுக்காக 72 பூச்சுகள்! அவற்றில் டிரஃபால்கர் காலத்துப் பூச்சு, இளஞ்சிவப்பு கலந்த வெளிர் மஞ்சள். 2015-ல் நிஜக் கப்பலுக்கே அந்த வண்ணம் அடிக்கப்பட்டது. அதுவரை ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைத்து மாடல் செய்தவர்களின் அலமாரியில், ஒரே நாளில் எல்லாக் கப்பலும் பழைய நிறமாகிவிட்டது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று நாம் 'ஒரிஜினல்' என்று பார்க்கும் விக்டரியில் இருந்த அடிப் பாய்மரங்கள் மரமே அல்ல, இரும்பு. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் 'எச்.எம்.எஸ். ஷா' என்ற வேறொரு கப்பலிலிருந்து எடுத்து வைத்தவை. ஆக, வீட்டில் உட்கார்ந்து மரப் பாய்மரத்தைச் சீவி, சரியான தடிமனில் கயிறு கட்டி, சரியான வண்ணம் அடித்த ஒருவரின் மாடல், சில விஷயங்களில் நிஜக் கப்பலைவிட நெல்சனின் கப்பலுக்கு நெருக்கமாக இருக்கிறது.

பாய்கள் மட்டும் பல மாடல்களில் இருப்பதில்லை. சோம்பல் அல்ல காரணம். எவ்வளவு மெல்லிய துணி எடுத்தாலும், அதன் நெசவு இந்த அளவில் கோணிச் சாக்கு மாதிரி தெரியும். தவிர, அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கயிறுகளைப் பாய் மறைத்துவிடும். டிரஃபால்கரில் பறந்த விக்டரியின் பாய்களில் ஒன்று போர்ட்ஸ்மவுத்தில் பாதுகாக்கப்படுகிறது. குண்டு துளைத்த ஓட்டைகள் மட்டும் அதில் 90 அளவுக்கு இருக்கின்றன.

எலும்பில் ஒரு கப்பல்

அதே போர்களின் மறுபக்கத்தில் இன்னொரு வகை மாடல் பிறந்தது. நெப்போலியன் காலத்துப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகள், பல வருடங்கள் இங்கிலாந்தில் அடைபட்டுக் கிடந்தார்கள். பீட்டர்பரோ நகருக்குப் பக்கத்தில் 'நார்மன் கிராஸ்' என்ற இடத்தில், போர்க் கைதிகளுக்கென்றே ஒரு பெரிய முகாம் 1797-ல் திறக்கப்பட்டது. அங்கே இறந்த 1,770 பேருக்கு 1914-ல் ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள்.

அந்தக் கைதிகளில் பலர் கைவினைஞர்கள். சாப்பாட்டில் வந்த இறைச்சியைத் தின்றுவிட்டு எலும்பை வைத்துக்கொண்டார்கள். கொதிக்கவைத்து, வெளுத்து, மெல்லிய தகடுகளாகச் சீவி, பலகைபோல அடுக்கிப் போர்க்கப்பல் செய்தார்கள். பித்தளையில் குட்டிப் பீரங்கிகள். சில கப்பல்களில் பின்னால் இருக்கும் நூலை இழுத்தால், பீரங்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போகும்!

கயிறுக்கு? பட்டு நூல், நார் நூல், சிலவற்றில் முடி. முகாம் சந்தையில் உள்ளூர் மக்கள் வந்து வாங்கிப் போனார்கள். அந்தக் காசில்தான் கூடுதல் ரொட்டியும் புகையிலையும்.

அந்த மாடல்கள் அளவில் துல்லியம் அல்ல. பாய்மரங்கள் பெரும்பாலும் கொஞ்சம் உயரம் கூடியிருக்கும். கையில் வரைபடம் இல்லை, ஞாபகம்தான் வரைபடம். ஆனால், எந்தக் கயிறு எங்கிருந்து எங்கே போகும் என்று கடலில் வாழ்ந்தவர்களின் கைக்குத் தெரிந்திருந்தது. இருட்டிலும் புயலிலும் அந்தக் கயிறுகளைத் தொட்டே அடையாளம் கண்டவர்கள் அவர்கள்.

இன்று அந்தக் கப்பல்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எலும்பு நிலைத்துவிட்டது. கயிறுகள் அவ்வளவு நிலைப்பதில்லை. வெளிச்சம், தூசி, பூச்சி எல்லாம் முதலில் நூலைத்தான் தின்கின்றன. பிற்காலத்தில் பழுதுபார்த்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த மாதிரி புது நூல் கட்டிவிடுவதும் உண்டு. அதனால் பழைய மாடல் ஒன்று கையில் கிடைத்தால், நிபுணர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "கயிறு அந்தக் காலத்துடையதா?" என்பதுதான்.

இரும்புக் கப்பலுக்கும் நூல் உண்டு

பாய் போய் நீராவி வந்த பிறகும் கயிற்று வேலை ஒழியவில்லை. இரண்டாம் உலகப் போர்க் கப்பல்களில் வயர்லெஸ் ஏரியல் கம்பிகளும், கொடி ஏற்றும் கயிறுகளும் கோபுரத்துக்குக் கோபுரம் ஓடும். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து நிறுவனங்கள் சேர்ந்து 1971-ல் தொடங்கிய 'வாட்டர் லைன்' வரிசை, 1:700 அளவுக் கப்பல்களை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. 263 மீட்டர் நீளமுள்ள 'யமாட்டோ' அந்த அளவில் 38 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஏரியலுக்கு முடியைக் கட்டினால் போதாதா? கணக்குப் பாருங்கள். தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். 700-ஆல் பெருக்கினால் 5 சென்டிமீட்டர் தடித்த கம்பி! முடியே இங்கே குண்டு. அதனால் கிட்டின் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரண்டு கையாலும் இழுக்கிறார்கள். முடியைவிட மெல்லிய இழை வரும். இன்னும் சிலர், இழுத்தால் நீண்டு விட்டால் திரும்பும் எலாஸ்டிக் இழையைப் பயன்படுத்துகிறார்கள். தூசி துடைக்கும்போது தூரிகை தட்டினாலும் அறுந்துபோகாது.

தொடங்க ஆசையா?

* மூன்று பாய்மரப் போர்க்கப்பலில் தொடங்காதீர்கள். ஒரே பாய்மரம் உள்ள சின்னப் படகு போதும். ஒரு தடவை ரிக்கிங் முடித்துப் பார்த்தால், பெரியதற்குத் தைரியம் வரும்.

* தளத்தில் கயிறு கட்டும் கொக்கிகளையும் வளையங்களையும், பாய்மரம் நடுவதற்கு முன்பே பொருத்திவிடுங்கள். பிறகு விரல் நுழையாது.

* கப்பிகளைப் பருமல்களில் கட்டிய பிறகே பருமலைப் பாய்மரத்தில் ஏற்றுங்கள். (பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டைதான் பருமல்.)

* வரிசை முக்கியம். முதலில் தாங்கும் கயிறு, பிறகு ஓடும் கயிறு. நடுவிலிருந்து வெளியே, கீழிருந்து மேலே.

* நூலை இழுக்கும்போது எதிர்ப்பக்கத்துக் கயிற்றைப் பாருங்கள். அது தளர்ந்தால், நீங்கள் கூடுதலாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

* வளைந்த முனையுள்ள சாமணம், மெல்லிய குரோஷே ஊசி, நல்ல விளக்கு. இந்த மூன்றும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

* அரை மணி நேரத்துக்கு ஒரு முறை கண்ணை எடுத்து ஜன்னலுக்கு வெளியே தூரமாகப் பாருங்கள். முடிச்சு காத்திருக்கும், கண் காத்திருக்காது.

* குழந்தைகள் உதவிக்கு வந்தால் விரட்டாதீர்கள். தேன்மெழுகில் நூல் இழுப்பதும் கயிறு திரிப்பதும் அவர்களுக்குப் பிடித்த வேலை.

அனுபவசாலிகள் கடைசியாக ஒரு வேலை செய்வது உண்டு. கப்பலின் வயிற்றுக்குள்ளோ, நிற்கும் பலகைக்கு அடியிலோ ஒரு சின்னத் தாளை ஒட்டிவைக்கிறார்கள். எந்த நூல், என்ன பசை, என்ன பெயின்ட், எந்த வருடம் கட்டியது என்ற விவரம் அதில் இருக்கும். ஐம்பது வருடம் கழித்து ஏதாவது ஒரு கயிறு அறுந்தால், பேரனோ பேத்தியோ அதே மாதிரி நூலைத் தேடி எடுத்துக் கட்டலாம்.

எலும்புக் கப்பல் செய்த கைதிகளுக்கு அப்படி எழுதிவைக்க வாய்ப்பு இருந்திருக்காது. அவர்கள் பெயர்கூடப் பெரும்பாலான கப்பல்களில் இல்லை. மிஞ்சியிருப்பது, எந்தக் கயிறு எங்கே போக வேண்டும் என்று தெரிந்த ஒரு கையின் முடிச்சுதான்.